புதன் காட்டிய முகம்



ஞாயிற்றைச் சுற்றிவரும் எட்டுக் கோள்களுள் மிகச் சிறியது புதன். ஞாயிற்றுக்கு மிக அண்மையில் இருப்பதும் அதுவே. கல்லாலும் இரும்பாலும் ஆன அச்சிற்றுலகின் இயல்புகளை மனிதன் எவ்வாறு படிப்படியாக அறிந்தான் என்னும் வரலாற்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதற்கு முன், அக்கோளைப் பற்றி நானே ஒரு காலத்தில் பிழையாகக் கற்பித்தேன் என்பதையும் சொல்லிவிடுவதே முறை.

அது 1986ஆம் ஆண்டு. ஹாலியின் வால்மீன் ஞாயிற்றை அணுகிச் சென்ற ஆண்டாதலால், எங்கும் வானத்தைப் பற்றியே பேச்சு. ஓசூரை அடுத்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் அப்போது இளம் ஆசிரியன். புதிய தொழிற்சாலைகளை நாடிப் பல ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. என் வகுப்பில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் ஒரே பலகையில் அமர்ந்திருந்தனர். நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் எழுதி வைத்த குறிப்பேட்டைப் பார்த்து, "புதன் ஞாயிற்றை 88 நாளில் ஒருமுறை சுற்றுகிறது, அதே 88 நாளில் தன்னைத் தானும் ஒருமுறை சுற்றிக்கொள்கிறது. ஆகவே அதன் ஒரு பாதி என்றும் பகல், மறு பாதி என்றும் இரவு" என்று கற்பித்தேன்.

தொழிலாளர் ஒருவரின் மகன் எழுந்து நின்றான். "ஐயா, புதன் தன்னைத் தான் சுற்ற 59 நாள் ஆகும் என்று இந்நூலில் இருக்கிறதே" என்றான். அவன் கையில் இருந்தது பெங்களூர் அவென்யூ சாலைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, மேலட்டை கிழிந்த ஓர் ஆங்கில நூல். நான் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "பழைய கடைச் சரக்கை நம்பாதே, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பு சிரித்தது, அவன் உட்கார்ந்தான்.

அன்றிரவு மனம் அமைதி கொள்ளவில்லை. மறுநாள் அந்நூலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அது 1970க்குப் பின் அச்சானது. என் குறிப்பேட்டுக்கு மூலமான நூலோ 1965க்கு முன் அச்சானது. பழைய சரக்கு வைத்திருந்தவன் மாணவன் அல்லன், நான்தான். அடுத்த வகுப்பில் அதனை அனைவர் முன்னும் சொன்னேன். அதன் பின்னரே புதனின் வரலாற்றை முறையாகப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஒன்று புலனாயிற்று. இச்சிறு கோளைப் பொறுத்தவரை, நன்றாகப் பார்த்தவர்களும் பிழையான முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அம்முடிவைத் திருத்தியவர்களும் இன்னும் நன்றாகப் பார்த்தவர்களே.

நம் முன்னோர் புதனை நன்கறிந்திருந்தனர். வாரத்தில் ஒரு நாளுக்கே அதன் பெயரை இட்டனர். நம் எல்லைப்புறத்தில் புதன்கிழமை, புதவாரமு, புதவார என்று மும்மொழியினரும் அக்கோளின் பெயராலேயே அந்நாளை வழங்குகின்றனர். தமிழில் அதற்கு அறிவன் என்றொரு பெயரும் உண்டு. சீகாழியை அடுத்த திருவெண்காட்டுக் கோயிலில் அக்கோளுக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. இத்தனை பழக்கம் இருந்தும், புதனைக் கண்ணால் கண்டவர் நம்மில் மிகச் சிலரே. அது ஞாயிற்றை விட்டு 28 பாகைக்கு மேல் விலகுவதில்லை. மாலையில் ஞாயிறு மறைந்தபின் மேற்கிலோ, காலையில் அது எழுமுன் கிழக்கிலோ, அடிவானத்தை ஒட்டிச் சிறிது நேரமே தோன்றும். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் வாழும் நமக்கு, ஐரோப்பியரைக் காட்டிலும் அது எளிதில் தென்படும். ஆயினும் அடிவானம் தெளிவாக இருக்க வேண்டும். ஓசூரில் சந்திரசூடேசுவரர் மலைமேல் நின்று மேற்கே நோக்கினால் அதனைக் காணலாம். தொழிற்சாலை விளக்குகளும் பெங்களூரின் ஒளிமூட்டமும் ஆண்டுதோறும் பெருகிவருவதால், அக்காட்சியும் முன்னிலும் அரிதாகி வருகிறது.

இவ்வாறு ஒளிந்து தோன்றும் கோளின் காலக்கணக்கை நம் நாட்டு வானநூலார் வியக்கத்தக்க நுட்பத்துடன் குறித்தனர். கி.பி. 499இல் ஆரியபடர், 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு மகாயுகத்திற்கு 157,79,17,500 நாள் என்றும், அக்காலத்தில் புதனுக்கு உரிய சுற்று 1,79,37,020 என்றும் கணக்கிட்டார். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்துப் பாருங்கள், 87.97 என்று வரும். இக்கால அறிவியல் கூறும் அளவும் அதுவே. தொலைநோக்காடி இல்லாத காலத்தில், வெறுங்கண்ணால் பல தலைமுறையினர் நோக்கியதன் பயன் இது. ஆனால் அவர்கள் மனத்தில் இருந்த படத்தில் நடுவில் இருந்தது நிலவுலகம், ஞாயிறு அன்று. எண் சரி, படம் வேறு. புதனின் வரலாற்றில் இவ்வகை நிகழ்ச்சி இதனோடு முடியவில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் புதனைக் காண ஒரு புதுவழி பிறந்தது. சில வேளைகளில் புதன், ஞாயிற்றுக்கும் நமக்கும் நேர் நடுவே வந்து, ஞாயிற்றின் வட்டத்தின்மேல் ஒரு கரும்புள்ளியாக ஊர்ந்து செல்லும். இதனைப் புதன் இடைநகர்வு என்பர். நூற்றாண்டுக்கு 13 அல்லது 14 முறை இது நிகழும். 1631ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் இது நிகழும் என்று கெப்ளர் முன்கூட்டியே கணித்து வெளியிட்டார். ஆயினும் அதனைக் காணுமுன் 1630இல் மறைந்தார். பாரிசில் கசெந்தி என்னும் அறிஞர் இருட்டறையில் ஞாயிற்றின் படிமத்தைத் தாளில் விழச்செய்து காத்திருந்தார். புள்ளி தோன்றியது. அது மிகச் சிறியதாக இருந்ததால், முதலில் அதனை ஞாயிற்றிலுள்ள ஒரு களங்கம் என்றே கருதினார். அது விரைந்து நகர்வதைக் கண்ட பின்னரே புதன் எனத் தெளிந்தார். அக்கோள் எவ்வளவு சிறியது என்பதை உலகம் அன்றுதான் கண்ணாரக் கண்டது. இருபது ஆண்டு கழித்து, 1651இல், செரிமி சேக்கர்லி என்னும் ஆங்கிலேயர் அத்தகைய மற்றோர் இடைநகர்வைக் காண்பதற்கு அமைந்த இடம் நம் நாட்டுச் சூரத்து நகரம். இந்திய மண்ணில் தொலைநோக்காடி கொண்டு நிகழ்ந்த முதல் வானியல் நோக்கு அதுவே என வரலாற்றாசிரியர் கூறுவர்.

2003ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அக்காட்சியைக் காணும் பேறு எனக்கும் கிடைத்தது. காலை 10.43 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் நான்கு மணிவரை நீடித்தது. கோடை விடுமுறையாயினும் பத்துப் பன்னிரண்டு மாணவர் வந்திருந்தனர். சிறு தொலைநோக்காடியின் வழியே ஞாயிற்றின் ஒளியை வெள்ளைத் தாளில் வீழ்த்தினோம். ஒரு சாண் அகல ஒளிவட்டத்தில், கடுகினும் சிறிய ஒரு கரும்புள்ளி. "ஐயா, இன்று புதன்கிழமை!" என்று ஒரு சிறுமி கூவினாள். உண்மைதான்; அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை. இங்கு ஓர் எச்சரிக்கை: ஞாயிற்றை வெறுங்கண்ணாலோ தொலைநோக்காடி வழியாகவோ ஒருபோதும் நேரே நோக்காதீர்கள். நொடிப்பொழுதில் பார்வை போய்விடும்.

இனி, என்னை இடறவைத்த அந்த 88 நாள் கதைக்கு வருவோம். இத்தாலி நாட்டு வானநூலார் சியாப்பரெல்லி சிறந்த கூர்நோக்கர். மிலான் நகரிலிருந்து பகல் வெளிச்சத்திலேயே புதனைப் பல ஆண்டு நோக்கி, அதன்மேல் தெரிந்த மங்கலான கறைகளை வரைந்தார். அக்கறைகள் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே இடத்தில் இருந்தன. ஆகவே, திங்கள் நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல, புதனும் ஞாயிற்றுக்கு ஒரே முகத்தைக் காட்டுகிறது என்று 1889இல் அறிவித்தார். பின்வந்தோர் பலரும் அதனை ஒப்புக்கொண்டனர். முக்கால் நூற்றாண்டுக்கு மேல் உலகெங்கும் பாடநூல்களில் அது இடம்பெற்றது.

அவர் கண்டது பொய்யன்று. புதன் நன்கு தோன்றும் தறுவாய் ஏறத்தாழ 116 நாளுக்கு ஒருமுறை மீள்கிறது. அவற்றுள்ளும் மூன்றில் ஒன்றே நோக்குவதற்கு மிக ஏற்றது. மூன்று தறுவாய்க்கு 348 நாள். ஒரு சுற்றுக்கு 88 நாள் எனக் கொண்டால், அக்காலத்தில் புதன் தன்னைத் தான் ஏறத்தாழ நான்கு முறை சுற்றியிருக்கும். 59 நாள் எனக் கொண்டாலோ ஏறத்தாழ ஆறு முறை சுற்றியிருக்கும். இரண்டில் எது உண்மையாயினும், நோக்குபவர் கண்ணுக்கு மீண்டும் அதே முகமே தோன்றும்! சியாப்பரெல்லி தம் கண்ணை நம்பியதில் தவறில்லை. வேறொரு விடையும் அதே காட்சிக்குப் பொருந்தும் என்பதை எண்ணாததே தவறு.

பிழையைக் கண்டுபிடித்தது கண் அன்று, வானொலி அலை. இப்பேச்சு உங்களை வந்தடைந்ததும் அதன் இனத்தைச் சேர்ந்த அலையாலேதான். 1962இல் புதனின் இருண்ட பக்கத்திலிருந்து வரும் வானொலி அலைகளை ஆராய்ந்தோர், என்றும் இரவாக இருக்கும் இடத்துக்குரிய கடுங்குளிர் அங்கே இல்லை எனக் கண்டு வியந்தனர். 1965இல் பெட்டன்கில், டைசு என்னும் இருவர், போர்ட்டோ ரிக்கோத் தீவில் அரெசிபோ என்னுமிடத்தில் இருந்த 305 மீட்டர் அகலப் பெருங்கிண்ணத்திலிருந்து புதனை நோக்கி அலைகளை அனுப்பி, அவற்றின் எதிரொலியைப் பெற்றனர். இரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் உயர்ந்து ஒலிப்பதையும், கடந்து செல்லும்போது தாழ்வதையும் ஓசூர் நிலையத்தில் நின்று கேட்டிருப்பீர்கள். அவ்வாறே, சுழலும் கோளின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது; மறுவிளிம்பு விலகுகிறது. எதிரொலியில் ஏற்படும் அவ்வேறுபாட்டை அளந்தால் சுழற்சியின் விரைவு தெரியும். விடை 59 நாள் என வந்தது. புதன் ஞாயிற்றை இருமுறை சுற்றுவதற்குள் தன்னைத் தான் சரியாக மூன்று முறை சுற்றிக்கொள்கிறது என்று கொலம்போ என்னும் இத்தாலிய அறிஞர் விளக்கினார். உண்மையை உரைத்த அக்கிண்ணம் 2020 டிசம்பரில் இடிந்து வீழ்ந்துவிட்டது.

இதன் விளைவு விந்தையானது. புதனில் ஞாயிறு ஒருமுறை உச்சிக்கு வந்து மீண்டும் உச்சிக்கு வர 176 நாள் ஆகும். அதன் ஆண்டோ 88 நாள். ஆகவே அங்கே ஒரு நாள் என்பது இரண்டு ஆண்டு! ஞாயிற்றிலிருந்து அதன் தொலைவும் ஒரே சீராக இல்லை, 4.6 கோடி கிலோமீட்டர் முதல் 7 கோடி கிலோமீட்டர் வரை மாறுகிறது. மிக அணுகும்போது, அங்கிருந்து காணும் ஞாயிறு நாம் காண்பதைப் போல் மும்மடங்குக்கும் மேல் அகலமாகத் தோன்றும்.

புதனின் பாதையில் வேறொரு புதிரும் இருந்தது. அதன் நீள்வட்டப் பாதையே மெல்லத் திரும்புகிறது. அத்திருப்பத்தில் நியூட்டனின் விதிக்கு அடங்காத ஒரு சிறு மிச்சத்தை 1859இல் பிரெஞ்சு அறிஞர் இலெவெரியே கண்டார். அது நூறாண்டுக்கு 43 விகலை. அதாவது ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் அவற்றுள் 43 கூறு. புதனுக்கும் உள்ளே இன்னொரு கோள் இருந்து அதனை இழுக்கிறது என்று கருதி, அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்துப் பலர் தேடினர். அப்படி ஒரு கோள் இல்லவே இல்லை. 1915 நவம்பரில் ஐன்சுடைன் தம் பொதுச் சார்புக் கொள்கையால் அம்மிச்சத்தைத் துல்லியமாக விளக்கினார். இங்கும் அளவு சரி. அதற்குச் சொன்ன காரணமே பிழை.

புதனின் உருவை அருகிலிருந்து காணும் காலமும் வந்தது. அமெரிக்காவின் மாரினர் 10 என்னும் கலம் 1974, 1975 ஆண்டுகளில் மும்முறை அதனைக் கடந்து, ஏறத்தாழப் பாதி முகத்தைப் படமெடுத்தது. பின்னர் 2004இல் புறப்பட்ட மெசஞ்சர் என்னும் கலம், 2011 மார்ச்சு முதல் 2015 ஏப்ரல் வரை புதனைச் சுற்றிவந்து முழு முகத்தையும் காட்டியது. இறுதியில் எரிபொருள் தீர்ந்து, அக்கோளின்மீதே வீழ்ந்தது. இவற்றால் நாம் அறிந்தவற்றைச் சுருங்கக் கூறுகிறேன்.

புதனின் விட்டம் 4,879 கிலோமீட்டர். நிலவுலகம் ஒரு தேங்காய் என்றால், புதன் ஓர் எலுமிச்சம்பழம். நிலவுலகில் 50 கிலோ எடை காட்டும் ஒருவர் அங்கே 19 கிலோ எடையே காட்டுவார். ஆனால் அதன் அடர்த்தி வியப்பளிக்கிறது. கிருஷ்ணகிரி மலைகளின் கருங்கல் நீரைப் போல் 2.7 மடங்கு கனமுள்ளது. புதனோ சராசரியாக 5.4 மடங்கு. வெறுங்கல்லால் ஆகியிருந்தால் இத்தனை கனம் வாராது. உள்ளே இரும்பு இருக்க வேண்டும். அவ்விரும்புக் கரு, கோளின் ஆரத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு வரை பரவியுள்ளது என இன்று கணிக்கின்றனர். நம் தோப்புகளில் சதை குறைந்து கொட்டை பெருத்த நாட்டு மாங்கனியைக் கண்டிருக்கிறீர்கள், புதன் அத்தகையது. அவ்விரும்பில் ஒரு பகுதி இன்னும் உருகிய நிலையில் இருப்பதால், நிலவுலகின் காந்தப் புலத்தில் நூறில் ஒரு பங்கு அளவுக்குச் சிறு காந்தப் புலமும் அதற்கு உண்டு.

மாங்கனி உவமை இன்னொன்றுக்கும் உதவும். பறித்துப் பல நாள் வைத்த கனி, ஈரம் வற்றிச் சுருங்கத் தோலில் மடிப்பு விழுகிறது அல்லவா? புதனும் உட்புறம் குளிரக் குளிரச் சுருங்கியது. கல்லாலான அதன் மேலோடு மடிந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள செங்குத்துச் சரிவுகள் எழுந்தன. தோன்றிய நாள் முதல் அதன் ஆரம் ஏழு கிலோமீட்டர் வரை குறைந்திருக்கலாம் என 2014இல் கணக்கிட்டனர்.

அங்கே போர்வை போன்ற வளிமண்டலம் இல்லை. மார்கழியில் மேகமூட்டமுள்ள இரவைவிடத் தெளிந்த வானமுள்ள இரவு ஓசூரில் கடுங்குளிராக இருப்பதை அறிவீர்கள். மேகப் போர்வை விலகுவதற்கே இத்தனை வேறுபாடு என்றால், காற்றே இல்லாத உலகில் எப்படி இருக்கும்? புதனில் பகல் வெப்பம் 430 பாகை வரை ஏறும். ஈயம் உருக 327 பாகையே போதும். இரவிலோ சுழிக்குக் கீழே 180 பாகை வரை இறங்கும். இத்தனை அனல் வீசும் கோளிலும் பனிக்கட்டி உண்டு என்றால் நம்புவீர்களா? அதன் அச்சு ஏறக்குறையச் சாய்வே இல்லாதது. ஆதலால் துருவங்களை அடுத்த ஆழ்ந்த குழிகளின் அடியில் ஞாயிற்றின் கதிர் ஒருபோதும் படுவதில்லை. அங்கே பனிக்கட்டி இருப்பதற்கான குறியை 1991இல் வானொலி அலைகள் காட்டின. 2012இல் மெசஞ்சரின் ஆய்வு அதனை உறுதிப்படுத்தியது.

மழையும் காற்றும் இல்லாமையால், விண்கற்கள் மோதிய தழும்புகள் பல நூறு கோடி ஆண்டுகளாக அழியாமல் இருக்கின்றன. கலோரிசு என்னும் பெருவட்டப் பள்ளம் 1,550 கிலோமீட்டர் அகலம். கன்னியாகுமரியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் நாகபுரியையும் தாண்டும். சிறு குழிகளுக்குக் கவிஞர், கலைஞர், இசைவாணர் பெயர்களை இடுவது உலக வானநூலார் மரபு. வால்மீகி, வியாசர், காளிதாசர் பெயர்களில் அங்கே குழிகள் உள்ளன. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர் பெயரிலும் ஒன்று உண்டு. அதன் அகலம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் உள்ள தொலைவைப் போல் இருமடங்கு. அக்குழியின் தரையில் விளிம்பு மங்காத, ஒளிமிக்க சிறு பள்ளங்கள் பல தென்பட்டன. திங்களில் காணாத இவ்வமைப்பு, கல்லில் கலந்திருந்த ஏதோ ஒரு பொருள் ஞாயிற்றின் சூட்டில் ஆவியாகிப் போனதால் உண்டாயிற்று என்று கருதுகின்றனர். செத்துக் கிடக்கிறது என எண்ணிய கோளின் மேற்பரப்பு அண்மைக்காலம் வரை மாறிக்கொண்டிருந்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஆராய்ச்சி இத்தோடு முடியவில்லை. ஐரோப்பாவும் சப்பானும் சேர்ந்து 2018 அக்டோபரில் ஒரு கலத்தை அனுப்பின. அது 2021 முதல் 2025 வரை ஆறு முறை புதனை அணுகிக் கடந்தது. 2026இன் இறுதியில் அதனைச் சுற்றத் தொடங்குமாறு அதன் வழி வகுக்கப்பட்டது. 59 நாளின் மறைபொருளை விளக்கிய கொலம்போவின் பெயரையே அக்கலத்துக்குப் பெபிகொலம்போ என்று சூட்டியிருக்கின்றனர். இன்று நான் சொன்னவற்றுள் எவை திருத்தப்படுமோ, நான் அறியேன். திருத்தப்படுமானால் வருந்த மாட்டேன்.

மாணவர்களே, நீங்கள் படிக்கும் நூலின் முதற்பக்கத்தைப் புரட்டி, அது அச்சான ஆண்டைப் பாருங்கள். உங்கள் ஆசிரியர் சொல்வதற்கு மாறான ஒன்றை எங்கேனும் கண்டால், பணிவோடு எழுந்து கேளுங்கள். ஆசிரியராகப் போகிறவர்களுக்கும் ஒரு சொல்: அப்படிக் கேட்கும் பிள்ளையை உட்கார வைத்துவிடாதீர்கள். முதலில் அவன் கையிலுள்ள நூலை வாங்கிப் பாருங்கள்.

2032ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், சனிக்கிழமை, நண்பகல் கடந்து சிறிது நேரத்தில் புதன் மீண்டும் ஞாயிற்றின் குறுக்கே ஊர்ந்து செல்லும். வானில் மேகம் இல்லையேல் நம் பகுதியில் தொடக்கம் முதல் இறுதிவரை காணலாம். அன்று உங்களுள் சிலர் ஆசிரியராக இருப்பீர்கள். ஒரு வெள்ளைத் தாளை விரித்து வைத்து, உங்கள் மாணவரை அழைத்து, அச்சிறு புள்ளியைக் காட்டுங்கள்.